சாம்பிள் பாட்டில்

ஸ்டெனிக்கு ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. காகித மில்லின் கழிவுநீரைச் சுத்தம் செய்து குழித்துறை ஆற்றில் விடும் பிரிவு அவன் பொறுப்பில் இருந்தது. தொட்டிக்குக் காற்றடிக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடந்த வாரம் பார்த்து மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து, சோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போயிருந்தார்.

“மிஷின் கெட்டதுக்கு நீங்க எதுக்கு இப்படிக் கெடந்து பேடிக்கணும்?” என்றாள், மகளைத் தோளில் போட்டிருந்த மனைவி ஜின்சி.

“ரிசல்ட் வரட்டு ஏட்டி” என்றான். அதற்குமேல் அவளிடம் சொல்லத் துணிவில்லை.

அன்று மதியம் மேனேஜர் கூப்பிட்டார். மேசைமேல் சோதனை அறிக்கை கிடந்தது.

“தண்ணியில ரசாயனக் கழிவு அளவுக்கு மேல இருக்காம். மில்லை மூடச் சொல்லப் போறாங்க. அதிகாரி சாயா குடிக்கும்போது பாட்டிலை மாத்தணும்னு முந்தின நாளே சொன்னேனே, மாத்தலியா?”

“மாத்தினேன் சார். சீல் வைக்கதுக்கு முந்தியே மாத்தியாச்சு. அதுல நம்ம தொட்டித் தண்ணி ஒரு சொட்டு கெடையாது.”

“பின்ன எந்தத் தண்ணியை ஊத்தின?”

“நல்ல தண்ணியா இருக்கட்டுன்னு அன்னைக்குக் காலையிலயே வீட்டிலருந்து கொண்டு வந்தேன். மில்லுக்குப் பின்னால, எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி...”

சொல்லும்போதே ஸ்டெனி வாசலைப் பார்த்துத் திரும்பினான். மேனேஜர் கூப்பிடக் கூப்பிட வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தான்.

“ஜின்சி, மோளுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தியா?”

“இப்பந்தான் ஒரு கிளாஸ் குடிச்சிட்டு ஒறங்குகா” என்றாள் அவள். “என்ன காரியம்?”