நாலு மணி நேரம்தானே

தங்கை வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

அடிப்பாவி! மூவாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறேன். ஒரு கதவைத் திறந்து வைக்கத் துப்பில்லை.

வருகிறேன் என்று நான் சொல்லவில்லைதான். எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லிவிட்டு வரமாட்டோம். சொல்லிவிட்டு வந்தால் விருந்தாளி, சொல்லாமல் வந்தால்தான் சொந்தம். அப்பா போட்ட சட்டம் அது.

இரண்டு வருடத்துக்கு முன், வேலை கிடைத்து இந்த ஊருக்குக் கிளம்பியபோது, "ஃப்ளைட்ல நாலு மணி நேரம்தானே அக்கா, நெனச்சா வந்துடுவேன்" என்றாள்.

"நீயாவது, வர்றதாவது" என்றேன்.

அவ்வளவுதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள் வரவுமில்லை, ஒரு போன்கூடப் போடவில்லை. நானும் பேசவில்லை. நான் என்ன இளைத்தவளா?

அவள் குரல் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது வேறு விஷயம்.

கார் ஓட்டச் சொல்லித்தருவது என் தொழில். குறுகலான சந்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே நின்றால், நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் பின்னால் எடுக்க வேண்டும் என்று தினமும் பாடம் நடத்துகிறேன். எங்கள் இரண்டு பேரில் நன்றாக ஓட்டத் தெரிந்தவள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சும்மா விட்டுக்கொடுக்க வரவில்லை. 'பாருடி, எனக்கு நாலு மணி நேரம்தான் ஆச்சு, உனக்கு ரெண்டு வருஷம் பத்தலையே' என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, அப்புறம் கட்டிக்கொள்வதாகத் திட்டம்.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். என் மூக்கை வைத்தே அக்கா என்று கண்டுபிடித்துவிட்டார்.

"அவங்க காலையிலேயே பெட்டியோட கிளம்பிட்டாங்களே" என்று, செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்திருந்த சாவியை நீட்டினார்.

உள்ளே போய் உட்காரவில்லை, போன் அடித்தது. என் வீட்டுக்காரர். சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

"உன் தங்கச்சி இங்க வந்து நிக்கிறா. பெட்டியோட!"

நடுவானத்தில் எங்கேயோ ஒருத்தியை ஒருத்தி தாண்டிப் போயிருக்கிறோம்.

போன் கை மாறியது. இரண்டு வருடம் கழித்து வாயைத் திறக்கிறவள் நலம் விசாரிப்பாள் என்று பார்த்தால், "நான்தான் முதல்ல வந்தேன். ஒத்துக்கோ" என்கிறாள்.

விடுவேனா? "இருடி, மணி பாத்துச் சொல்றேன்" என்று சுவரை நிமிர்ந்து பார்த்தேன்.

கடிகாரத்தில் பதினொன்றரை.

இந்த ஊர் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவது. வெளியே மத்தியானம் தாண்டிவிட்டது. செத்த கடிகாரத்தை மாட்டி வைத்திருக்கிறாள், சோம்பேறி, என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் முள் ஓடிக்கொண்டிருந்தது.

என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஊரில் கட்டியது, இன்னும் மாற்றவில்லை. அதிலும் அதே பதினொன்றரை.

இரண்டு வருடமாக இவள் வீட்டுச் சுவரில் என் ஊர் மணி ஓடியிருக்கிறது. நான் எப்போது எழுவேன், எப்போது பாடம் முடித்து வீடு திரும்புவேன் என்று அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இருந்திருக்கிறாள்.



"என்னக்கா, மணி பாத்தாச்சா?"

"நீதாண்டி முதல்ல வந்தே" என்றேன். "அங்கேயே இரு. நாலு மணி நேரம்தானே."