உறை பிரியாத ஊசிகள்

பிற்பகல் வெயில் ரெட்டியார்பாளையம் வீட்டின் சமையற்கட்டில் மஞ்சளாகக் கிடக்கிறது. இன்சுலின் குப்பி காலியாக இருக்கிறது. பக்கத்திலிருக்கும் ஊசிகளில் ஒன்றுகூட உறை பிரிக்கப்படவில்லை. “மருந்து எங்கம்மா போச்சி?” என்கிறாள் அன்புசெல்வி. “குத்திக்கப் பயமாருக்குடி. தினம் மோருல கலந்து குடிச்சிட்டேன். எப்படியும் உள்ளதான போவுது,” என்கிறாள் அம்மா தனம். “வயித்துல அது தின்ன மீன் மாதிரி செரிச்சிப் போயிடும்மா. ரத்தத்துக்கே போவாது.” தனம் காலை நீட்டிக்கொள்கிறாள். குளியலறையில் அவள் சிறுநீர் கழித்த இடத்தில் மொய்த்திருந்த எறும்புகள் சுவரோரமாகச் சாரை சாரையாக வந்து அவள் குதிகால் புண்ணில் ஏறுகின்றன. புண்ணின் விளிம்பு கருப்பாக நெளிகிறது. கால் அசையவில்லை. “எறும்பு கடிக்கலியாம்மா?” தனம் நிதானமாகத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “எங்கடி?”