தெளிவில்லாத எழுத்து

"ஸ்டேஷன் புதுப் பலகையில ஒரு எழுத்துகூடத் தெளிவா இல்ல" என்று ஒரு வாரமாகப் புலம்பிய கணவரைக் கண் டாக்டரிடம் இழுத்து வந்தாள் மனைவி.

டாக்டர் சுவரில் இருந்த புது அட்டையைக் காட்டினார். கச்சிதமான வட்டமும் நேர்கோடுமாக, அலங்காரமே இல்லாத எழுத்துகள். "படிங்க சார்."

"எல்லாம் மங்கலா இருக்கு."

எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் அதே பதில்தான். சலித்துப்போன டாக்டர் பழைய அட்டையை மாட்டினார். கணவர் கடைசி வரிவரை மடமடவென்று படித்தார்.

டாக்டர் குழம்பினார். "புது அட்டையில எழுத்து இதைவிடப் பெருசாச்சே. ஸ்டேஷன் பலகையில இருக்கிற அதே எழுத்து வடிவம்தான்."

மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"அதை வடிவமைச்சது இவரோட தம்பி, டாக்டர். ஸ்டேஷன் பலகைக்கு எழுத்து வரையிற போட்டியில இவர் வரைஞ்சது தோத்துப்போச்சு. இவருக்குக் கண்ணுல ஒண்ணுமில்ல, வயித்துலதான் எரிச்சல்."