பாதியா, முழுசா?

"டோட்டல் லாஸ்னு மட்டும் எழுதிராதீக சார். ரிப்பேர்னு போடுங்க, போதும்."

இன்சூரன்ஸ் சர்வேயர் வேலுச்சாமி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். டோட்டல் லாஸ் போடச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்களைத்தான் இத்தனை வருடமாக அவருக்குத் தெரியும். ஜீப்புக்காரன் பாண்டீஸ்வரன் நேர்மாறாகக் கெஞ்சுகிறான்.

கூடலூர் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததை ஜீப் என்று சொல்ல மனசு வராது. ஏலக்காய்த் தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிய பாண்டீஸ்வரன், குமுளி மலை வளைவில் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விட்டிருந்தான்.

வேலுச்சாமி பொறுமையாக விளக்கினார். பழுது பார்க்கும் செலவு வண்டி மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ், அதாவது முழுச் சேதம். இன்சூரன்ஸ் பணம் மொத்தமும் கைக்கு வரும், வேறு ஜீப் எடுக்கலாம். ரிப்பேர் என்று போட்டால் அவனுக்குத்தான் நட்டம்.

"வண்டி போனாப் போகுது சார். நதியா போயிருவா."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. நதியாவை அவனுக்குப் பேசி, பூ வைத்து உறுதி செய்த மூன்றாம் நாள் ஜீப் உருண்டது. வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே வண்டியை விழுங்கிவிட்டாள், ராசி கெட்டவள் என்று சொந்தபந்தம் வாய் ஓயாமல் பேசியது. அவன் அம்மா பொன்னாத்தாள் மட்டும் அதில் சேர்ந்துகொள்ளவில்லை. போனது பாதியா முழுசா என்று ஆபீசர் எழுதட்டும், அப்புறம் கல்யாணத்தைப் பேசிக்கொள்ளலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். முழுசு என்று தெரிந்தால் சம்பந்தத்தை முறித்துவிடுவாள் என்று பயந்தான்.

"எனக்கும் பொண்ணு இருக்கா தம்பி," என்றார் வேலுச்சாமி. "ஆனா இதுல தேற ஒண்ணுமில்லையே. பொய் எழுத முடியாது."

அந்த நேரம் பார்த்துப் பொன்னாத்தாளே வந்து நின்றாள்.

பாதிதான் போயிருக்கிறது, சரி பண்ணிவிடலாம் என்று பாண்டீஸ்வரன் முந்திக்கொண்டு சொன்னான். அவள் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. நசுங்கிக் கிடந்ததை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, சர்வேயரிடமே கேட்டாள்.

"முழுசுதான்மா," என்றார் அவர்.

பாண்டீஸ்வரன் தலையைத் தொங்கப் போட்டான்.

"அப்படியே எழுதி எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடுங்க சார்," என்றாள் பொன்னாத்தாள். "அவளை ராசி கெட்டவளுன்னு பேசுறாகளே, அவுககிட்டக் காட்டணும். இம்புட்டு நொறுங்குன வண்டிக்குள்ள இருந்து எம்புள்ள ஒரு கீறல் இல்லாம எந்திரிச்சு வந்தான்னா, அது எம் மருமக ராசிதேன்."