கயிற்றின் நீளம்

ஜீப்பின் கூரைக் கம்பியில் நான்கு விளக்குகளையும் கழற்றி மாட்டும்படி பொருத்திவிட்டு எலெக்ட்ரீஷியன் இருதயம் கீழே இறங்கினார்.

"கழட்டினா எவ்வளவு தூரம் எடுத்துட்டுப் போகணும்மா?"

வண்டியைக் கொண்டுவந்த பெண் பின்பக்கத்திலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து அவர் முன் போட்டாள். "இந்த நீளத்துக்கு வயர் வேணும்ணே."

வயருக்கு அளவு என்று கயிற்றை யாரும் அவரிடம் கொண்டுவந்ததில்லை. புது வயர்ச் சுருளின் முனையைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்து முழம் போட்டுக்கொண்டே போனார். நாற்பதைத் தாண்டியதும் நிமிர்ந்தார்.

"இவ்வளவு நீளம் இழுத்தா வெளிச்சம் மங்கிரும்மா."

"பள்ளத்துல விழுந்தவங்க முகம் தெரிஞ்சாப் போதும்."

அறுபதாவது முழத்தில் கயிறு முடிந்தது. முனையில் ஒரு கல் கட்டியிருந்தது. கழுவி வைத்தது போல அதில் மண்ணே ஒட்டவில்லை.

"இதைப் பள்ளத்துல இறக்கிப் பாத்தீங்களா?"

"காலையிலருந்து பாத்தோம்."

"அடி தட்டுப்பட்டுச்சா?"

"கயிறு தீந்துபோச்சு."

வயரை வெட்டக் கையில் எடுத்திருந்த கட்டிங் பிளேயரை இருதயம் தரையில் வைத்தார். வயர்ச் சுருளை வெட்டாமல் முழுசாகத் தெருவில் உருட்டிவிட்டார். அது அவிழ்ந்துகொண்டே போனது. அதன் கடைசி முனையில் பிளக் மாட்டுவதற்காக அவரும் பின்னாலேயே நடந்தார்.