ஒரெஸ்டின் நாற்காலி

கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் ஒரே ஓட்டலில் ஜன்னலோர மேசை கோதுமை விவசாயிகளுடையது. முப்பது வருடமாகக் காலைக் காப்பிக்கு அங்கே ஆண்கள் மட்டும்தான். அன்று வெர்னா வந்து உட்கார்ந்தாள்.

“வெர்னா, அது உங்க வீட்டுக்காரர் நாற்காலி,” என்றார் கிளாரன்ஸ்.

“தெரியும். ஒரெஸ்ட் இனிமே வரமாட்டார்.”

மேசையைச் சுற்றியிருந்த நால்வரின் தொப்பிகளும் துக்க மரியாதையாகத் தலையை விட்டு இறங்கின.

“ஐயோ! நேத்துகூட நல்லாத்தானே இருந்தார்?” கிளாரன்ஸின் குரல் உடைந்தது.

“இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கார். ஊறுகாய்க்கு ரெண்டு மூட்டை வெள்ளரிக்காய் நறுக்கிக்கிட்டிருக்கார். முப்பது வருஷம் அவர் இங்க, நான் அடுப்படியில. இனிமே நான் இங்க.”

வெர்னா காப்பியை ஊற்றிக்கொண்டாள்.

“கிளாரன்ஸ், நாளைக்கு உங்க நாற்காலிக்கு உங்க வீட்டம்மா வர்றாங்க. நீங்க நறுக்கறதுக்கு முட்டைக்கோஸ் எடுத்து வெச்சிருக்காங்க.”