சனி பிடித்த மெமரி

"அவன் கேக்கற இடத்துல ஏற்கெனவே ஆள் இருக்கு. போன தடவை சத்தமில்லாம காலி பண்ணிட்டுக் கொடுத்தேன். அடுத்த நிமிஷமே செத்துட்டான்."

அண்ணி போனில் புருஷனிடம் சொன்னதைக் கேட்டு, கோளரங்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெண் கையை நிறுத்திவிட்டாள். "யாரு மேடம் செத்தது?" என்றாள் மெதுவாக.

"ப்ரோகிராம்மா. மனுஷன் இல்ல," என்று சிரித்தாள் அண்ணி. அவளுடைய கொழுந்தன்தான் அங்கே ஆபரேட்டர். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இந்தச் சில மாதங்களில் அவள் அந்தக் கட்டடத்துக்கே அண்ணியாகிவிட்டாள்.

கூரையில் நட்சத்திரங்களை ஓட்டும் ப்ரோகிராம் ஆதிகாலத்து ஆசாமி. அது பிறந்து வளர்ந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை இப்போது சீந்துவாரில்லை. அது ஓடும் பழைய மெஷினோ அடுப்பு மாதிரி அனல் கக்கும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கொழுந்தன் நனைந்த கோழியாக வெளியே வந்து, அட்டையால் விசிறிக்கொண்டு நிற்பான்.

ப்ரோகிராமைப் புது கம்ப்யூட்டருக்குக் குடிமாற்றும் வேலையை அண்ணி ஏற்றுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. எல்லா ப்ரோகிராமுக்கும் மெமரியில் இடம் பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்காரர் அதுதான். பழைய ஆசாமி தன் பழைய பாஷையில் இடம் கேட்டால், புது வீட்டுக்காரர் பழைய வீட்டுக்காரரின் குரலிலேயே பதில் சொல்ல வேண்டும். ஆசாமிக்குச் சந்தேகமே வரக்கூடாது.

சிக்கல் ஒரே ஒரு வார்த்தையில் இருந்தது. "இந்த இடமேதான் வேணும்" என்று கேட்டால், பழைய வீட்டுக்காரர் காலியாக இருந்தால் கொடுப்பார், இல்லாவிட்டால் கையை விரித்துவிடுவார். புது வீட்டுக்காரருக்கு அதே வார்த்தை கட்டளை. உள்ளே இருப்பதை ஈவிரக்கமில்லாமல் துடைத்துவிட்டுச் சாவியை நீட்டுவார். அண்ணி வார்த்தைக்கு வார்த்தை மாற்றி எழுதித் தொலைத்ததில், ப்ரோகிராம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. சனி கிரகத்தை வளையத்தோடு காணவில்லை.

"சனி விட்டா சந்தோஷம்தானே மேடம்?" என்றாள் டிக்கெட் பெண்.

"அது உனக்கும் எனக்கும். இவங்களுக்குச் சனி வேணுமாம்."

இப்போது எல்லாம் சரி. இடம் காலியா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மரியாதையாக மறுக்கக் கர்னலுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. சனி பிடித்தாயிற்று. பாக்கி இருந்தது கோளரங்கத்து டைரக்டரம்மாளின் சம்மதம்தான்.

"போலி எப்பவும் போலிதாம்மா," என்று ஒற்றைக் காலில் நின்றாள் டைரக்டரம்மாள். "ஒரே காட்சிய ரெண்டு மெஷின்லயும் ஓட்டட்டும். எது முதல்லன்னு உங்க கொழுந்தனுக்கு மட்டும் தெரிஞ்சா போதும். போலி எதுன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்னா, நீங்க பெட்டியக் கட்டிடணும்."

அண்ணி சரியென்று தலையாட்டிவிட்டாள். தோற்றால் பழைய ஆபீஸுக்குத்தான் திரும்ப வேண்டும். "இந்தப் படிய இனிமே மிதிக்கமாட்டேன்" என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லி, கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தவள் அவள். திரும்பிப் போனால் அந்த மேனேஜர் பல்லைக் காட்டி வரவேற்பார்.

கொழுந்தன் திரைக்குப் பின்னால் போனான். உள்ளே போய்க் கை வைத்துவிடப் போகிறாள் என்று டைரக்டரம்மாள் அண்ணியைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது.

முதல் காட்சி. வானம் வழுக்கிக்கொண்டு சுழன்றது, சனி ஜம்மென்று வளையத்தோடு வந்து நின்றது. டைரக்டரம்மாள் மூக்கை உறிஞ்சினாள். இது பழைய மெஷின்தான் என்று அண்ணிக்குச் சந்தேகமில்லை.

இரண்டாவது காட்சியில் நிலா எழும்போது இம்மியளவு தயங்கியதாகப் பட்டது. அண்ணிக்குப் பகீரென்றது. என்னோட வேலைதான், மெமரியில் எங்கேயோ ஒரு இடத்தை லேட்டாகக் கொடுத்திருக்கிறேன் என்று மனசுக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. கொழுந்தன் முழுக்கைச் சட்டை கசங்காமல், வாரிய தலை கலையாமல் வந்து நின்றான். எதையோ மெல்லுவது போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல ஓடுச்சே, அதுல உயிர் இருந்தது. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு," என்றாள் டைரக்டரம்மாள். "ரெண்டாவது, நிலா வரும்போதே சாயம் வெளுத்துப் போச்சு. என்னம்மா, நீங்களே சொல்லுங்க."

பொய் சொல்ல அண்ணிக்கு மனசு வரவில்லை. "எனக்கும் தெரிஞ்சுது மேடம்," என்று கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மேனேஜரின் பல்வரிசை கண்முன்னே வந்து நின்றது.

டைரக்டரம்மாள் வெற்றிக் களிப்போடு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "சொல்லுப்பா, ரெண்டாவது ஓடினது உங்க அண்ணியோடதுதானே?"

"ஆமா மேடம். அண்ணியோடதுதான்."

"பாத்தீங்களா? என் கண்ண ஏமாத்த முடியுமா? அப்ப முதல்ல ஓடினது நம்ம பழைய மெஷின்."

கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பழைய மெஷின் காலையிலயே செத்துப்போச்சு மேடம்."